தவிட்டுப்பழ ஜாம்: விதையை வடிகட்டி எறிவது சரியா?

கேள்வி (கோத்தகிரி)
வணக்கம். எங்கள் மகளிர் குழுவில், மலைப்புதர்களில் காய்க்கும் சிறு கருநீலப் பழமான தவிட்டுப்பழத்தில் ஜாம் காய்ச்சி விற்க முயன்று வருகிறோம். விதை பல்லில் நெருடுகிறது என்பதால், வேகவைத்த பழத்தைத் துணியில் பிழிந்து சக்கையைக் கொட்டிவிடுகிறோம். புட்டியில் 'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது, சர்க்கரை நோய்க்கு நல்லது' என்று அச்சிடலாம் என்கிறார் ஓர் உறுப்பினர். இப்பழத்தில் உண்மையில் என்ன சத்து இருக்கிறது?

பதில் (குன்னூர்)
சகோதரி, நீங்கள் கொட்டுவதில்தான் பாதிச் சரக்கு இருக்கிறது. தாவரவியலில் ரோடோமிர்டஸ் டொமென்டோசா எனப்படும் இச்செடி கொய்யா, நாவல் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தோலுக்குக் கருநீலம் தரும் அந்தோசயனின் சாற்றில் இறங்கிவிடும். ஆனால், திராட்சையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்லப்படும் ஆன்டிஆக்சிடன்ட்டான ரெஸ்வெரட்ராலுக்கு நெருங்கிய உறவான பைசியாட்டனால் என்ற பொருள் பெரும்பாலும் விதையிலேயே தங்கிவிடுகிறது. வியட்நாமில் 'சிம்' என்று வழங்கும் இதே பழத்தை ஆராய்ந்தவர்கள், அப்பொருள் திராட்சையில் இருப்பதைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். பழத்தின் உலர் எடையில் பாதிக்கும் மேல் நார்ச்சத்து. புரதமும் கொழுப்பும் சொற்பம். சக்கையை உலர்த்தி, மிக்சியில் நைசாகப் பொடித்து, ஜாமிலேயே சிறிது கலந்து பாருங்கள்.

பதில் (உதகை)
நிறத்தையும் கவனியுங்கள். சாற்றை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சையும் மற்றொன்றில் சமையல் சோடாவும் சேர்த்தால், முதலாவது சிவந்து தெளியும், இரண்டாவது நீலம்பாரித்து மங்கும். அந்தோசயனின் புளிப்பில்தான் நிலைக்கும். நெடுநேரக் கொதியில் சிதையும். எனவே எலுமிச்சைச் சாறு சேர்த்து, அகன்ற பாத்திரத்தில் விரைவாகக் காய்ச்சி இறக்குங்கள்.

பதில் (கூடலூர்)
அச்சிடும் வாசகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆய்வகக் குழாயில் தெரியும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு (ஆன்டிஆக்சிடன்ட் செயல்), உண்பவர் உடலிலும் அதே அளவில் நிகழும் என்று கொள்ள முடியாது. மேலும் ஜாம் என்று விற்க, கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதில் பெரும்பங்கு நீங்கள் சேர்க்கும் சர்க்கரைதான். அதைச் சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்பது அநியாயம், நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் புட்டியில் எழுதச் சட்டமும் இடம் தராது. 'விதைப்பொடி சேர்த்தது' என்று எழுதுங்கள், அது உண்மை.

கேட்டவர்
நன்றி. அந்த வாசகத்தைக் கைவிட்டுவிட்டோம். நேற்றைய சக்கை முறத்தில் கிடக்கிறது. மூன்று நாளாக மேகம் விலகாததால், பூசணம் பிடிக்கும் முன் விறகடுப்பின் மேல் பரணில் ஏற்றியிருக்கிறேன். புகை வாடை ஏறாமல் காய்ந்தால் பொடித்துவிட்டு எழுதுகிறேன்.