வேப்பை நிறுத்த நிகோடின் பேட்ச், சூயிங்கம் பயன்படுத்தியவர்கள்: மனத்தை விட்டுப் போகாத அந்த ஒரு நாள்

ஹாரோ வாசி (லண்டன்)

தூக்கியெறியும் வேப்புகளுக்கு (மின்-சிகரெட்டுகளுக்கு) இங்கே 2025 ஜூன் 1 முதல் தடை. அதற்கு முந்தைய வாரம் கடை கடையாக ஏறி முப்பது வாங்கி அலமாரியில் அடுக்கினேன். இரண்டு மாதம் தாங்கும் என்று நினைத்தேன். இருபத்து மூன்றாம் நாள் கடைசி வேப்பின் விளக்கு மினுக்கி அணைந்தது. அன்று மாலையே மருந்தகத்துக்குப் போனேன்.

உள்ளே நின்றவர் நம் அக்கா ஒருவர். ஞாயிறுதோறும் கோயிலில் என் அம்மாவோடு பேசுபவர். வேப்பை நிறுத்தத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் கேட்டேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு?"

தலையணைக்கு அடியில் வேப்பை வைத்துக்கொண்டு உறங்கியவன் நான். நள்ளிரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் கண்ணைத் திறக்காமலே இழுப்பேன். ஆனால் என் வாயில் வந்தது, "ஒரு மணி நேரம் ஆகும் அக்கா, அதுவும் ஒன்றிரண்டு இழுப்புத்தான்." அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அளவு குறைந்த 14 மில்லிகிராம் பேட்சை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள், வேலையிடத்து வாகனத் தரிப்பிடத்தில், முன்பின் தெரியாத ஒரு பையனிடம் போய் "ஒரு இழுப்புத் தருகிறாயா?" என்று கேட்டேன். எனக்கு 34 வயது. அவனுக்குப் பத்தொன்பது இருக்கலாம். கொடுத்தான். அவன் வாய் வைத்ததில் நான் வாய் வைத்தேன்.

மறுநாள் அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, நீர் சொல்லுகிற கணக்கை வைத்துத்தானே நான் அளவு தர முடியும்" என்றார். 21 மில்லிகிராம் பேட்சும் வாய் ஸ்பிரேயும் தந்தார். இன்றோடு ஏழு வாரம் ஆகிறது. அந்தப் பொய்யை மட்டும் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். சொந்த உடம்புக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் ஏன் அப்படிச் சொன்னேன்?

இரவுப்பணிக்காரன் (லெஸ்டர்)

என் கதை சூயிங்கம். கிடங்கில் இரவுப்பணி முடித்துக் காலை ஆறு மணிக்குப் பஸ்ஸின் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். இழுக்க வேண்டும் போல் கை நடுங்கியது. 4 மில்லிகிராம் சூயிங்கம் ஒன்றை வாயில் போட்டு, சிறுவயதில் பபிள்கம் மென்றது போல் விடாமல் மென்றேன். போதவில்லை என்று இன்னொன்றும் போட்டேன். கையில் காப்பி வேறு. முதலில் விக்கல் வந்தது. பிறகு நெஞ்சு எரிந்தது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் படிக்கட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். கீழே நின்ற ஒரு மூதாட்டி தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவர் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருப்பார். அல்ல என்று சொல்லக்கூட வாயில் தெம்பு இல்லை.

இந்த உதவிகளைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் "சூயிங்கம் மெல்லுங்கள்" என்கிறார்கள். அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. அதை மெல்லக் கூடாது. நாலைந்து முறை கடித்தால் மிளகு போல் ஒரு காரம் வரும். வந்தவுடன் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி இரண்டு கடி. ஒன்றை அரை மணி நேரம் இப்படி ஓட்டலாம். நிகோடின் வாயின் தோல் வழியாகத்தான் உடம்பில் ஏற வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் வயிற்றைப் புரட்டுமே தவிர ஆசையை அடக்காது. காப்பி, பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றின் புளிப்பு அந்த உறிஞ்சலைக் கெடுக்கும். சூயிங்கம் போடுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்பே அவற்றை நிறுத்திவிட வேண்டும். இவை எல்லாம் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருந்தன. நான் அதைப் பிரித்துப் பார்க்கவே இல்லை.

கிழக்குத் தாம்பரம் (சென்னை)

உங்கள் ஊரில் மருந்தகத்தில் கேள்வியாவது கேட்கிறார்கள். இந்தியாவில் 2019 சட்டத்துக்குப் பிறகு வேப் விற்பதே குற்றம். ஆனாலும் கிடைக்கிறது. எனக்கும் கிடைத்தது. ஒரு மருத்துவரிடம் போய் "வேப்பை விட வேண்டும், ஐயா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அதில்தான் புகையே இல்லையே, பிறகு எதை விட வேண்டும்?" என்று கேட்டார். நெஞ்சுவலி என்று வந்திருந்தால் கவனித்திருப்பார். அவருடைய அறையிலிருந்து வெளியே வந்து படியில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னோடு வந்த மனைவி "என்ன சொன்னார்?" என்று கேட்டபோது "யோசிக்கச் சொன்னார்" என்றேன்.

இங்கே 2 மில்லிகிராம் சூயிங்கம் சீட்டில்லாமல் கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுக்காகத்தான் நான் அவரிடம் போனதே. கடத்தி வரும் திரவத்தில் என்ன அளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒட்டியிருக்கும் தாளை நம்ப முடியாது. கடைசியில் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத புகையிலை விடுப்பு எண்ணில் பேசினேன். அங்கே பேசியவர் முதலில் கேட்டதும் ஹாரோ வாசி எழுதியிருக்கும் அதே கேள்விதான். நான் உண்மையைச் சொன்னேன். முகம் தெரியாதவரிடம் சொல்வது எளிதாக இருந்தது.

நெல்லைச் சீமை

மேலே எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும். நிகோடினை நிறுத்த நிகோடினா? கள்ளை விட்டுச் சாராயத்துக்குப் போவது போல் இருக்கிறது. நான் 2009-இல் சிகரெட்டை ஒரே இரவில் விட்டேன். மகள் பிறந்த அன்று. பெட்டியை மருத்துவமனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதோடு முடிந்தது. வேப் என்பது வெறும் நீராவி. அதை நிறுத்த ஒரு பேட்ச், ஒரு ஸ்பிரே, ஒரு சூயிங்கம் என்று இவ்வளவு செலவு எதற்கு?

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் இரண்டு குவளை வெந்நீர் குடியுங்கள். சட்டைப் பையில் கிராம்பும் சுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஆசை வரும்போது ஒன்றை வாயில் அடக்குங்கள். காப்பியைப் பாதியாகக் குறையுங்கள். நிறுத்தியவர்களுக்குக் காப்பி இரட்டிப்பாக ஏறும், படபடப்பு வரும், அதை நிகோடின் ஏக்கம் என்று தவறாக நினைப்பீர்கள். வேப் பிடிக்கும் நண்பர்களோடு ஒரு மாதத்துக்குத் தேநீர்க் கடைக்குப் போகாதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் நடங்கள், செருப்பில்லாமல் மணலில் நடந்தால் இன்னும் நல்லது. இரவு எட்டு மணிக்குமேல் கைபேசியைத் தொடாதீர்கள், ஏனென்றால் கை சும்மா இல்லாமல் அது ஒன்றைப் பிடித்தால் மற்றொன்றையும் தேடும். கோபம் வரும் என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மிச்சமாகும் பணத்தை உண்டியலில் போடுங்கள், தினமும் அதைக் குலுக்கிப் பாருங்கள். இவ்வளவும் செய்து பார்த்துவிட்டுப் பிறகு பேட்ச் பற்றிப் பேசலாம்.

மருந்துக்கடைப் பெண் (குரோய்டன்)

நெல்லை அண்ணா, உங்கள் மகள் பிறந்த நாளில் நீங்கள் செய்தது பெரிய காரியம். அதை மதிக்கிறேன். ஆனால் இங்கே வாசிப்பவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

வேப்பில் வருவது நீராவி அல்ல. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணப்பொருள், நிகோடின் எல்லாம் சூடாகி நுண்துளிகளாக வருவது. இங்கே சட்டப்படி விற்ற ஒரு தூக்கியெறியும் வேப்பில் 2 மில்லிலிட்டர் திரவம் இருக்கும். மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடின் வரை அனுமதி. அப்படியானால் ஒன்றுக்குள் 40 மில்லிகிராம் வரை இருக்கலாம். சிகரெட் முடிந்தால் முடிந்தது என்று தெரியும், பெட்டியில் எத்தனை மிச்சம் என்று எண்ணலாம். வேப்புக்குச் சாம்பலும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அதனால்தான் எங்களிடம் வருபவர்களால் "எவ்வளவு" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடிவதில்லை. ஹாரோ வாசி பொய் சொன்னார். பலர் பொய் சொல்லாமலே தவறாகச் சொல்கிறார்கள்.

காப்பி விஷயமும் அப்படித்தான். சிகரெட் எரியும்போது தாரில் உண்டாகும் பொருள்கள் கல்லீரலில் காஃபினைச் சிதைக்கும் நொதியைத் தூண்டுகின்றன. புகையை விட்டால் அந்தத் தூண்டுதல் அடங்கும், காஃபின் உடம்பில் அதிக நேரம் தங்கும். அதைச் செய்வது நிகோடின் அல்ல. ஆகவே காப்பியைக் குறைக்கச் சொல்வது உங்களுக்குப் பொருந்தியது, வேப் மட்டும் இழுத்தவருக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

நிகோடினுக்கு நிகோடினா என்று கேட்டீர்கள். வேப்பில் இழுத்தது சில நொடிகளில் மூளையைத் தொடும். பேட்சில் இருந்து அது மணிக்கணக்கில் மெல்லக் கசியும். அந்த வேகம்தான் கையைத் திரும்பத் திரும்ப வாய்க்குக் கொண்டுபோகிறது. வேகத்தை முதலில் பிரித்துவிட்டு, அளவைப் பிறகு 21, 14, 7 என்று இறக்குகிறோம்.

சொல்ல வந்தது இதையல்ல. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, ஒரு தாய் மகனோடு வந்தார். பையன் பள்ளிச் சீருடையில் இல்லை, ஆனாலும் பதினைந்துக்கு மேல் இராது. அவர் என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறி, குரலைத் தாழ்த்தி, "இவனுடைய அப்பாவுக்கு நிகோடின் பேட்ச் வேண்டும், பிள்ளை" என்றார். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். இதய நோய் உண்டா, வேறு மருந்து எடுக்கிறாரா, ஒரு நாளைக்கு எவ்வளவு. அவர் ஒவ்வொன்றுக்கும் தடுமாறினார். அப்போது பையன், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், தெளிவான தமிழில், "அம்மா, எனக்கு விளங்கும். எனக்குத்தான் என்று சொல்லுங்கள்" என்றான்.

அந்தத் தாய் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரையும் உள்ளறைக்கு அழைத்துப் போனேன். இந்த நாட்டில் நிகோடின் மாற்று மருந்துகளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே அனுமதி உண்டு, ஆனால் அந்த வயதினரிடம் பேசிப் பார்த்துத்தான் தர வேண்டும். "பள்ளியில் எப்போது இழுப்பாய்?" என்று கேட்டேன். "இரண்டாம் பாடவேளைக்குப் பிறகு கழிப்பறையில். இல்லாவிட்டால் எழுத்து ஆடும்" என்றான். எழுத்து ஆடும் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் தாய் அழுதுவிட்டார்.

தேக்கா (சிங்கப்பூர்)

இங்கே 2018 பிப்ரவரி முதல் வேப் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் பெரியவர்களுக்கு முதல் முறைக்கே 700 வெள்ளி அபராதம். தானாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று சொன்னார்கள். அதை நம்ப எனக்கு மூன்று வாரம் பிடித்தது. சமூக மன்றத்தில் வைத்திருந்த தொட்டியில் வேப்பைப் போடப் போனேன். போட்ட பிறகும் கையை வெளியே எடுக்க மனமில்லை. பின்னால் ஒரு பாட்டி பேரனோடு நின்றுகொண்டிருந்தார். "தம்பி, முடிந்ததா?" என்றார். அவர் கையிலும் ஒரு வேப் இருந்தது. பேரனுடையதா என்று நான் கேட்கவில்லை.

நான் செய்த பிழை, மாற்று எதுவும் வாங்கி வைக்காமல் முதலில் தூக்கிப் போட்டது. அன்று இரவு முழுவதும் வீட்டுக்குள் நடந்தேன். சப்பும் மாத்திரையும் பேட்சும் மறுநாள்தான் வாங்கினேன். முதலில் வாங்குங்கள், பிறகு எறியுங்கள். இன்னொன்று: எட்டோமிடேட் கலந்த வேப் குப்பிகளைப் பிடித்தவர்கள் பேட்சை நம்பி இருக்க வேண்டாம். அது மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கப் பயன்படும் மருந்து, நிகோடினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. என் தாதிக் கல்லூரி நண்பன் அப்படி இரண்டு மாதம் வீணாக்கினான். நேராக மருத்துவரிடம் போங்கள்.

நெல்லை ஐயா, மனவுறுதி இல்லாதவன் அந்தத் தொட்டிவரை நடந்திருக்க மாட்டான்.

நெல்லைச் சீமை

நீராவி என்றது என் பிழை. காப்பி பற்றியும் இப்போதுதான் அறிகிறேன். ஆனால் கிராம்பு உதவும் என்பதில் நான் மாறவில்லை.

ஹாரோ வாசி (லண்டன்)

கிராம்பை நானும் வைத்திருக்கிறேன் அண்ணா. ஸ்பிரேயோடு சேர்த்து.

இரவுப்பணிக்காரருக்கு: ஸ்பிரேயிலும் இதே சிக்கல் உண்டு. தொண்டையில் அடித்தால் விக்கல்தான். கன்னத்தின் உட்பக்கம் அடித்துவிட்டுச் சில நொடிகள் விழுங்காமல் இருக்க வேண்டும். பேட்சை இரவிலும் கழற்றாமல் படுத்தால் எனக்குக் கனவுகள் மிக உக்கிரமாக வந்தன, இறந்துபோன அப்பப்பா ஒவ்வோர் இரவும் வந்து ஊர்க் கிணற்றடியில் நின்றார். அக்காவிடம் சொன்னேன். படுக்கும் முன் கழற்றச் சொன்னார். கனவு நின்றது. அப்பப்பாவும் வரவில்லை. அதில் சிறு வருத்தம்.

இரு பிள்ளைகளின் தாய்

குரோய்டன் தங்கச்சி, அந்தப் பையன் பிறகு என்ன ஆனான்?

மருந்துக்கடைப் பெண் (குரோய்டன்)

இரண்டு முறை வந்தான் அக்கா. இரண்டாம் முறை தனியாக வந்தான். பேட்சின் ஓரம் விளையாட்டு நேரத்தில் வியர்வையில் பிரிந்து வருகிறது என்றான். முடியில்லாத இடத்தில், எண்ணெய் பூசாத தோலில், தினமும் இடம் மாற்றி, உள்ளங்கையால் பத்து நொடி அழுத்தி ஒட்டிக் காட்டினேன். "இப்போது எழுத்து ஆடுகிறதா?" என்று கேட்டேன். "கணக்குப் பாடத்தில் மட்டும்" என்றான்.

மூன்றாவது பெட்டியை அவனுக்காக எடுத்து வைத்திருந்தேன். வாங்க வரவில்லை. விட்டுவிட்டானா, வேறு மருந்தகத்துக்குப் போனானா, மறுபடி கழிப்பறைக்குப் போய்விட்டானா, தெரியவில்லை. சனிக்கிழமைகளில் கதவு மணி அடிக்கும்போது இன்னமும் தலை தூக்கிப் பார்க்கிறேன்.