மட்டக்களப்பில நம்பிக்கையான நொத்தாரிசு யாரையும் தெரியுமா?

நாங்க ரெண்டு பெண்கள், கல்லடியில ஒண்டாச் சீவிக்கிறம். போன மாசம் அவளுக்கு ஒப்பரேசன். படிவத்தில 'உறவுமுறை' எண்ட இடத்தில 'சினேகிதி' எண்டு எழுதினன். வெட்டிப்போட்டு, அவளின்ட தம்பியக் கூட்டி வரச் சொன்னாங்க. அவன் எங்களோட கதைக்கிறதே இல்ல.

தாய்லாந்தில 2025 ஜனவரியில இருந்து எங்களப்போல ஆக்கள் பதிவுத் திருமணம் செய்யலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல அது பாராளுமன்றத்தின்ட வேலை எண்டிட்டு. இங்க எங்களப்போல ஆக்களின்ட உறவைக் குற்றமாக்கிற தண்டனைச் சட்டக்கோவையின்ட 365, 365அ பிரிவுகளைத் திருத்திறது அரசியலமைப்புக்கு முரணில்ல எண்டு அதே வருசம் உயர் நீதிமன்றம் சொன்னது. கலியாணம் இன்னும் எங்கயோ தூரத்தில.

அதுவரைக்கும் அற்றோணித் தத்துவமும் (ஒராளுக்காக மற்றாள் செயற்பட அதிகாரம் குடுக்கிற பத்திரம்) மரண சாசனமும் எழுதி வைக்க வேணும். அற்றோணி உயிரோட இருக்குமட்டும்தான் செல்லும், அதாலதான் ரெண்டும். துருவித் துருவிக் கேளாம, வெளியில கதைக்காம எழுதித் தாறவர் மட்டக்களப்பிலயோ கல்முனையிலயோ இருந்தா உள்பெட்டியில சொல்லுங்க. சாட்சிக்கு வேற ரெண்டு பேரும் வேணும்.