8 வெளியீட்டு டிஎஸ்பி பெட்டி: திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் எதை எப்படிச் சோதிப்பது?

மும்முனை:

வணக்கம். மூவழி ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சப்வூஃபர் இரண்டு. பாசிவ் கிராஸ்ஓவரை (ஒலியை அதிர்வெண் வாரியாக டிரைவர்களுக்குப் பிரிக்கும் சுற்று) கழற்றிவிட்டு டிரைவர் ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப் சேனல் கொடுக்கும் திட்டம்; மொத்தம் 8. அதற்காக 2 உள்ளீடு, 8 வெளியீடு உள்ள டிஎஸ்பி பெட்டி (அந்தப் பிரிப்பையும் திருத்தத்தையும் டிஜிட்டலில் செய்வது) ஒன்று வந்திருக்கிறது. வெளியீடு ஆர்சிஏ, உச்சம் 2 வோல்ட். உள்ளே 96 கிலோஹெர்ட்ஸ், சேனலுக்கு 2048 டேப் (கணக்குப் படி) உள்ள எஃப்ஐஆர் ஃபில்டர். ஆம்ப்கள் 29 டெசிபல் கெயின் (பெருக்கும் அளவு). மேல் அதிர்வெண்களுக்கு ஹார்னோடு 8 ஓம் கம்ப்ரஷன் டிரைவர், சென்சிட்டிவிட்டி (2.83 வோல்ட்டுக்கு 1 மீட்டரில் தரும் சத்தம்) 108 டெசிபல், கிராஸ்ஓவர் 1500 ஹெர்ட்ஸில். யூமிக்-1 மைக், ஆர்இடபிள்யூ என்கிற ஒலி அளவீட்டு மென்பொருள், இரண்டு உள்ளீடுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் கையில் உண்டு. திருப்பி அனுப்ப 10 நாள் கெடு. காதால் கேட்டு மட்டும் முடிவு செய்ய விருப்பமில்லை. எதில் தொடங்கலாம்?

செப்புச்சுருள்:

முதலில் ஸ்பீக்கர் பக்கமே போகாதீர்கள். 8 வெளியீட்டிலும் மல்டிமீட்டர் வைத்து டிசி பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். பிறகு ஆம்ப் ஒன்றில், போனாலும் பரவாயில்லை என்கிற பழைய ஸ்பீக்கரை மாட்டி, பெட்டியைத் தொந்தரவு செய்யுங்கள். ஆன், ஆஃப், பாட்டு ஓடும்போதே யூஎஸ்பி கேபிளை உருவுவது, பிரீசெட் மாற்றுவது, 44.1-லிருந்து 96 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவுவது. ஒவ்வொன்றிலும் 'டப்' வருகிறதா என்று கவனியுங்கள். கட்டாயம் செய்ய வேண்டியது சுவர் சுவிட்சை அணைத்துப் போடுவது. ஆம்பைக் கடைசியில் ஆன் செய்து முதலில் ஆஃப் செய்யும் ஒழுங்கெல்லாம் கரண்ட் போய் வரும்போது செல்லாது. ஆம்ப் சட்டென்று விழித்துக்கொள்ளும், டிஎஸ்பி எழச் சில நொடி ஆகும். அந்த இடைவெளியில் என்ன வெளியே வருகிறது என்பதுதான் கேள்வி.

அடுத்து, பாதுகாப்புக்காகக் கம்ப்ரஷன் டிரைவரோடு வரிசையில் 68 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள், 100 வோல்ட் ஃபிலிம். எலக்ட்ரோலிட்டிக் என்றால் நான்-போலார் வகை மட்டும். 8 ஓமுக்கு அதன் வெட்டு (அதற்குக் கீழே ஒலி குறைந்துகொண்டே போகும்) ஏறக்குறைய 293 ஹெர்ட்ஸ். டிசி முழுவதும் நின்றுவிடும், 50 ஹெர்ட்ஸ் சுமார் 15 டெசிபல் இறங்கும். 1500 ஹெர்ட்ஸில் 11 டிகிரி ஃபேஸ் நகரும் என்பதால், எல்லா அளவையும் கெப்பாசிட்டர் மாட்டிய நிலையிலேயே எடுங்கள். இது முழுக் கவசம் இல்லை. பெட்டி ஃபேக்டரி செட்டிங்குக்குத் திரும்பி 500 ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாவற்றையும் முழு வால்யூமில் தள்ளினால் டயஃப்ரம் போய்விடும். ஃபர்ம்வேர் மாற்றும்போது ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிடுங்கள்.

இரைச்சல்தளம்:

உங்கள் கணக்கில் பெரிய சிக்கல் ஹிஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் வரும் 'ஸ்' இரைச்சல். 29 டெசிபல் என்றால் 28 மடங்கு. பெட்டியின் இரைச்சல் வெறும் 20 மைக்ரோவோல்ட் என்றே வைத்தாலும் டிரைவரில் 0.56 மில்லிவோல்ட் விழும். 90 டெசிபல் ஸ்பீக்கரில் அது 1 மீட்டரில் 16 டெசிபல், காதில் விழாது. 108 டெசிபல் ஹார்னில் அதுவே 34 டெசிபல். இரவில் அமைதியான அறையில் உட்காரும் இடம்வரை கேட்கும். ஒரே பெட்டியை ஒருவர் 'நிசப்தம்' என்றும் இன்னொருவர் 'இரைகிறது' என்றும் எழுதுவது இதனால்தான்.

இதை அளக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதாது. இன்டர்ஃபேஸில் கொடுங்கள். முழு அளவு 2 வோல்ட் என்றால் -60 டெசிபல் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் 2 மில்லிவோல்ட். ஆர்இடபிள்யூவின் ஆர்டிஏ-வில் (அதிர்வெண் வாரியாக அளவு காட்டும் திரை) அதை அடையாளமாக வைத்துக்கொண்டு இரைச்சலைப் படியுங்கள். ஆனால் டோனை நிறுத்திவிட்டுப் படிக்காதீர்கள். பல டிஏசி (டிஜிட்டலை அனலாக் ஆக்கும்) சிப்கள் சிக்னல் சுத்தமாக நின்றால் தானே மியூட் ஆகிவிடும். காகிதத்தில் அழகான எண் வரும், பாட்டின் மெல்லிய இடத்தில் இரைச்சல் திரும்ப வரும். -90 டெசிபல் டோன் ஓடவிட்டு, டோனைக் கழித்து மீதியைப் பாருங்கள்.

தீர்வு மலிவு. ஆர்சிஏ பிளக்குக்குள்ளேயே 3.3 கிலோஓம் வரிசையில், 1 கிலோஓம் கிரவுண்டுக்கு. ஆம்ப் உள்ளீடு 20 கிலோஓம் என்றால் 13 டெசிபல் குறையும். ஆம்ப் முனையில் வையுங்கள், அப்போது கேபிள் வாங்கும் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். 2 வோல்ட் 0.45 ஆகி, டிரைவருக்கு 12.6 வோல்ட், அதாவது 20 வாட் கிடைக்கும். 108 டெசிபல் டிரைவருக்கு அது தாராளம். வூஃபருக்கும் சப்புக்கும் இதைப் போடாதீர்கள்.

மும்முனை:

மிக்க நன்றி சார். 11 டிகிரி என்றதும் தோன்றியது: 8 சேனலும் ஒரே நேரத்தில் வெளிவருகின்றனவா என்று பார்க்கத் தேவை உண்டா? அறையின் பேஸ் மேடுகளை எஃப்ஐஆரில் சரிசெய்யலாமா?

செப்புச்சுருள்:

கட்டாயம் பாருங்கள். எல்லா ஃபில்டரும் டிலேயும் நீக்கிவிட்டு, 1-ஆம் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் ஓர் உள்ளீட்டில் நிலையாக வைத்து, மற்ற ஏழையும் ஒவ்வொன்றாக இன்னோர் உள்ளீட்டில் ஒப்பிடுங்கள். 96 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் 10.4 மைக்ரோநொடி, ஒலி 3.6 மில்லிமீட்டர் போகும் நேரம். அதற்குள் இருந்தால் போதும். அணைத்துப் போட்டும், சாம்பிள் ரேட் மாற்றியும் மறுபடி பாருங்கள். ஒவ்வொரு முறையும் எண் மாறினால் எந்த டிலே செட்டிங்கும் நிற்காது, திருப்பி அனுப்பிவிடலாம்.

எஃப்ஐஆர் பேஸுக்கு உதவாது. 96000-ஐ 2048-ஆல் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். அதைவிட நுணுக்கமாக அந்த ஃபில்டரால் பிரித்தறிய முடியாது. 38 ஹெர்ட்ஸில் குறுகிய மேடு இருந்தால் அதன் கண்ணுக்கே படாது. அங்கே சாதாரண பாராமெட்ரிக் ஈக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் ஏற்றி இறக்குவது) போதும். எஃப்ஐஆரை மிட்டுக்கும் மேலுக்கும் வையுங்கள். லீனியர் ஃபேஸ் (எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவு தாமதிப்பது) என்றால் 10.7 மில்லிநொடி தாமதம், டிவியில் உதட்டசைவு பிசகாது.

இரைச்சல்தளம்:

ஈக்யூவில் மேட்டைக் குறையுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். 6 டெசிபல் ஏற்றினால் முழு அளவு சிக்னல் பெட்டிக்குள்ளேயே கிளிப் ஆகும். ஏற்றிய இடத்தில் 0 டெசிபல் டோன் விட்டு, ஹார்மோனிக் குதிக்கும்போது பெட்டியின் மீட்டர் சிவப்பு காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் அந்த மீட்டரை நம்ப வேண்டாம்.

மிட்டையும் ஹார்னையும் இணைக்க லிங்க்விட்ஸ்-ரைலி 24 (ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரியும் கிராஸ்ஓவர்) போட்டு, ஒன்றின் துருவத்தைத் திருப்பி, மைக்கை 1 மீட்டரில் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் நேரத்தில் பொருந்தினால் 1500 ஹெர்ட்ஸில் பள்ளம் 25 டெசிபலாவது இறங்க வேண்டும். டிலேயை 0.02 மில்லிநொடி வீதம் நகர்த்துங்கள்; ஒரு படி 7 மில்லிமீட்டர். ஒரு பொறி உண்டு: 0.667 மில்லிநொடி, அதாவது ஒரு முழு அலை தள்ளிப்போனாலும் அதே இடத்தில் பள்ளம் விழும். ஆனால் இருபுறமும் ஒரே சரிவாக இருக்காது. அதனால் இம்பல்ஸ் படத்தில் (ஒலி வந்து சேரும் கணத்தைக் காட்டுவது) தொடங்கிப் பிறகு பள்ளத்துக்கு வாருங்கள். யூமிக்-1 யூஎஸ்பி மைக் என்பதால் ஆர்இடபிள்யூவில் அகூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸை (இன்னொரு ஸ்பீக்கரின் ஒலியை நேர அடையாளமாக வைப்பது) தேர்ந்தெடுங்கள், ரெஃபரன்ஸாக எதிர்ப்பக்கத்து ஹார்னை வையுங்கள்.

8 ஆர்சிஏ கேபிளும் மாட்டியதும் ஹம் வந்தால், லேப்டாப் சார்ஜரையும் செட்-டாப் பாக்ஸின் கோஆக்சியல் கேபிளையும் தனித்தனியே கழற்றிப் பாருங்கள். அதில் நின்றால் குற்றம் டிஎஸ்பியுடையது அல்ல. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் கொடுங்கள். எர்த் பின்னை மட்டும் கழற்றாதீர்கள்.