ஆறு மாதமாக ஸ்டேட்டஸ் போடுகிறேன், விற்பனை நகரவில்லை

கேள்வி:
காங்கேயம் பக்கம் சின்னதாக மரச்செக்கு வைத்திருக்கிறேன். தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கடலை எண்ணெய் படமும் விலையும் போடுகிறேன். வாங்குவது அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான். நிறுத்திவிடலாமா?

பதில் 1:
நிறுத்தாதீங்க. ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்யாதவர்களுக்கு ஸ்டேட்டஸே தெரியாது. ஒரே மெசேஜைப் பலருக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட்டும் அவர்களுக்குப் போகாது. எண்ணெய் கொடுக்கும்போதே சேவ் செய்யச் சொல்லுங்கள்.

பதில் 2:
அண்ணா, நான் ஊத்துக்குளியில் நெய் காய்ச்சி விற்கிறேன். தினமும் விலை போட்டால் யார் பார்ப்பார்கள்? நானே பார்க்க மாட்டேன். ஒரு நோட்டில் யார், எந்தத் தேதி, எவ்வளவு என்று எழுதி வைக்கிறேன். தீரும் நேரம் பார்த்து, "அக்கா, நெய் தீர்ந்திருக்குமே?" என்று ஒரே வரி. பாதிப் பேர் அன்றே சொல்லிவிடுவார்கள். ஆனால் இப்படி ஆக எனக்கு இரண்டு தீபாவளி ஆனது.

பதில் 3:
1983இல் கடலூரில் 15,000 ரூபாயில் தொடங்கிய சிக் ஷாம்பு, காலி பாக்கெட்டுகளைக் கொடுத்தால் ஒன்று இலவசம் என்றுதான் ஊர் ஊராகப் பரவியது. நீங்களும் காலி பாட்டிலுக்கு ஐந்து ரூபாய் குறைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
சரி, நோட்டு வாங்கியாச்சு. முதல் மெசேஜ் எதிர்வீட்டு அத்தைக்கு. "எண்ணெய் இருக்குது சாமி, மாட்டுக்குப் புண்ணாக்கு இருக்குதா?" என்று பதில் வந்திருக்கிறது.