புதுப்பிப்பு: உச்சி வெயிலில் முகப்படம்

மாமல்லபுரத்து மதிய வெயிலில் தங்கச்சியைப் படமெடுத்தால் கண்குழியில் கருநிழல் விழுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். நிழலுக்குப் போகச் சொன்னீர்கள், அதுதான் கைகொடுத்தது.

குடைவரை மண்டபத்தின் வாசலோர நிழலில் வெளியே பார்த்தபடி அவளை நிறுத்தினேன். எதிரே வெயில் பட்ட தரையே ரிஃப்ளெக்டராகி முகத்தை வெளிச்சத்தால் நிறைத்தது. கண்ணைச் சுருக்காமல் அவள் சிரித்ததைப் பார்க்கவே அத்தனை சந்தோஷம்! பின்னால் இருட்டு என்பதால் கேமரா முகத்தை வெளிறடித்தது. ஒரு சின்ன இடத்து வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் கன்னத்தை அளந்ததும் சரியானது. மரநிழல் மட்டும் வேண்டாம், இலை இடுக்கு வெயில் முகமெல்லாம் புள்ளி போடுகிறது.

முகத்து நிழலைப் போக்க ஃபில் ஃப்ளாஷ் அடிக்கச் சொன்ன அண்ணா, நேர் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/2.8 வைத்தால் ஷட்டர் 1/3200 நொடி கேட்கிறது. என் கேமராவின் ஃப்ளாஷ் சிங்க், அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200 நொடிதான். வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் நாலு ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டும் கருங்கண்ணாடி) வாங்கட்டுமா?