முன் சக்கரத்தில் ஆட்டம்: டிஸ்க் தளர்ந்திருக்கிறதா, ஹப் தளர்ந்திருக்கிறதா?

மலையிறங்கி (கேள்வி):

வணக்கம். என்னுடையது முன்பக்கம் சஸ்பென்ஷனும் இரு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் உள்ள எம்டிபி சைக்கிள். முன் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) கப்-கோன் வகையைச் சேர்ந்தது; அதாவது, ஹப்பிலுள்ள கிண்ணத்துக்கும் (கப்) ஆக்ஸில் எனும் அச்சில் திருகிய கூம்புக்கும் (கோன்) இடையே குண்டுகள் உருளும். சக்கரம் க்விக் ரிலீஸால் (நெம்புகோலால் மூடித் திறக்கும் அச்சுப் பூட்டால்) மாட்டப்பட்டுள்ளது. டிஸ்க் ஆறு போல்ட்டுகளால் ஹப்பில் பிணைக்கப்பட்டுள்ளது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்க முன் பிரேக்கைப் பிடித்தால், கைப்பிடி வரை உணரும்படி 'டக்' என்று ஒரு தட்டல் கேட்கிறது. சமதளத்தில் நேராக ஓட்டும்போது சத்தமே இல்லை. ஆனால் எழுந்து நின்று மிதித்தால் டிஸ்க் ஒரு பக்கப் பேடில் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் கட்டையில்) உரசுகிறது. கடையில் காட்டியபோது, டிஸ்க் கோணலாகிவிட்டது, புதிது போட வேண்டும் என்றார்கள். செலவு செய்வதற்கு முன் உண்மையில் எது ஆடுகிறது என்பதை எப்படி உறுதி செய்வது?

பழைய ரேலி:

முதலில் டிஸ்க்கின் ஆறு போல்ட்டுகளையும் சோதியுங்கள். பெரும்பாலானவற்றுக்கு டி25 நட்சத்திரச் சாவி பொருந்தும். முறுக்கு அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். சிலர் 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் என்பார்கள், சிலர் 6 வரை போகலாம் என்பார்கள். ஹப்பின் மரை அலுமினியம் என்பதால், கைக்கு வந்த பலத்தையெல்லாம் காட்டினால் மரை உரிந்துவிடும். அடுத்தடுத்த போல்ட்டாக முறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். போல்ட் துளைகளில் சிறிதளவு இடைவெளி இருக்கும். ஆகவே முறுக்குவதற்கு முன், சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசைக்கு எதிராக டிஸ்க்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டால், பிரேக் பிடிக்கும்போது அது மீண்டும் நகர இடமிருக்காது.

சக்கரப்பட்டறை:

மேலே சொன்னது சரியான வேலைதான். ஆனால் தாங்கள் சொல்லும் அறிகுறிகள் டிஸ்க்கை நோக்கிக் கை காட்டவில்லை. டிஸ்க் கோணலாக இருந்தால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரே இடத்தில் ஒரு முறை உரசும். நின்று மிதித்தாலும் உட்கார்ந்து மிதித்தாலும் அது மாறாது. நேராகப் போகும்போது உரசாத டிஸ்க், எடை பக்கவாட்டில் சாயும்போது மட்டும் உரசுகிறது என்றால், சக்கரம் முழுவதுமே ஆக்ஸிலின் மேல் சாய்கிறது என்ற சந்தேகம்தான் முதலில் எழ வேண்டும்.

காது இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிடும். ஹெட்செட்டில் (ஃபோர்க் சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள பேரிங்கில்) எழும் தட்டலும் ஹப்பில் எழும் தட்டலும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வழியாகக் கைப்பிடிக்கு வந்து சேரும்போது ஒன்று போலவே இருக்கும். ஆகவே, இரண்டு பாகங்கள் சேரும் இடுக்கின் மேல் விரல் நுனியை வைத்து, இரண்டில் ஒன்று மட்டும் நகர்கிறதா என்று பாருங்கள். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டு, டிஸ்க்கின் நடுப்பகுதி ஹப்பைத் தொடும் இடம், ஃபோர்க்கின் தலைப்பகுதி சட்டத்தைத் தொடும் இடம், சஸ்பென்ஷனின் மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் நுழையும் இடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். டிஸ்க்கின் எஃகு வளையமும் அலுமினிய நடுப்பகுதியும் ரிவெட்டால் இணைக்கப்பட்டிருந்தால், அந்த இணைப்பையும் பாருங்கள். சில வகைகளில் வேண்டுமென்றே சிறிது ஆட்டம் விட்டிருப்பார்கள்.

அடுத்ததாகப் பிரேக்கை முற்றிலும் விட்டுவிட்டு, ரிம்மை மேலே பிடித்து ஃபோர்க்கின் கால்களை நோக்கி இடமும் வலமுமாக அசையுங்கள். பிறகு சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி மறுபடியும் அசையுங்கள். இங்கே பிரேக்கைப் பிடிக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பேடுகள் டிஸ்க்கைக் கவ்வியதும், அதனோடு பிணைந்த ஹப்பும் சாய முடியாமல் நின்றுவிடுவதால், ஹப் ஆட்டம் மறைந்துவிடும்.

நீலமலை ஓட்டி:

எல்லாவற்றுக்கும் முன்பாக க்விக் ரிலீஸ் நெம்புகோலைப் பாருங்கள். காலிப்பர் (பேடுகளைத் தாங்கும் பிரேக் கவ்வி) ஃபோர்க்கின் பின்பக்கம் இருப்பதால், பிரேக்கின் விசை ஆக்ஸிலை ஃபோர்க் நுனியின் பிளவிலிருந்து கீழே தள்ளவே முயலும். தளர்ந்த நெம்புகோல் இங்கே உயிருக்கே ஆபத்து. முழுவதும் திறந்த நெம்புகோல் டிஸ்க்கில் சிக்கக்கூடும் என்பதற்காகவே 2015-இல் ட்ரெக் உள்ளிட்ட பல நிறுவனங்கள் தங்கள் சைக்கிள்களைத் திரும்ப அழைத்து அந்தப் பாகத்தை மாற்றிக் கொடுத்தன. நெம்புகோல் டிஸ்க் இல்லாத வலப்பக்கம் இருப்பதே நல்லது.

மலையிறங்கி:

நெம்புகோல் இறுக்கமாகவே உள்ளது. ஆறு போல்ட்டுகளில் எதுவும் தளரவில்லை, டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையே விரலில் எதுவும் தட்டுப்படவில்லை, ஹெட்செட்டும் அசையவில்லை. ஆனால் பிரேக்கை விட்டுவிட்டு ரிம்மை அசைத்தபோது, அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடுகிறது. சக்கரத்தை எந்த நிலைக்குத் திருப்பினாலும் அதே ஆட்டம். அப்போது காலிப்பருக்குள் எட்டிப் பார்த்தால், ரிம் ஒரு பக்கம் சாயும்போது டிஸ்க்கும் கூடவே சாய்ந்து பேடைத் தொடுவது தெரிகிறது. பிரேக்கைப் பிடித்ததும் அந்த ஆட்டம் நின்றுவிடுகிறது.

சக்கரப்பட்டறை:

அப்படியானால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை. ஹப்பின் கோன்தான் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தின் ஆரக் கம்பிகள் தளர்ந்திருந்தால் ரிம் மட்டும் நெளியும், டிஸ்க் அசையாமல் நிற்கும். தங்களிடம் இரண்டும் சேர்ந்தே சாய்கின்றன. இந்த ஆட்டத்தோடு தொடர்ந்து ஓட்டினால், குண்டுகள் ஓடுதளத்தில் தட்டித் தட்டிக் குழி விழுந்துவிடும். கோனை மாற்றிக்கொள்ளலாம்; கப் கெட்டுவிட்டால் பெரும்பாலும் ஹப்பையே மாற்ற வேண்டி வரும்.

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் இல்லாத பக்கத்தின் லாக் நட்டை (கோன் நகராமல் பூட்டும் நட்டை) தளர்த்துங்கள். பல முன் ஹப்களில் கோனுக்கு 13 மி.மீ. மெல்லிய கோன் ஸ்பேனரும் லாக் நட்டுக்கு 17 மி.மீ. ஸ்பேனரும் பொருந்தும், சாதாரண ஸ்பேனர் கோனின் குறுகிய தட்டைப் பகுதிக்குள் நுழையாது. டிஸ்க் பக்கத்துக் கோனைத் தொடாதீர்கள். அது நகர்ந்தால் டிஸ்க் ஃபோர்க்கிலிருந்து இருக்கும் தூரமே மாறி, காலிப்பரோடு வேறொரு தொல்லை தொடங்கிவிடும். ஒரு பக்கம் திறந்த கையோடு ஆக்ஸிலை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, கோனின் ஓடுதளத்தை வெளிச்சத்தில் பாருங்கள். குண்டுகள் வழக்கமாக 3/16 அங்குலம், பக்கத்துக்குப் பத்து. மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இந்த வேலையின்போது டிஸ்க்கில் கிரீஸ் பட்டுவிடாமல் ஒரு துணியால் சுற்றி வையுங்கள்.

கோனை இறுக்கும் அளவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். க்விக் ரிலீஸ் மூடப்படும்போது ஆக்ஸில் நீளவாக்கில் சிறிது அமுக்கப்பட்டு, கோன்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நெருங்கும். ஆகவே கையில் வைத்திருக்கும்போது மிகச் சிறிய ஆட்டம் மிச்சமிருக்க வேண்டும். ஃபோர்க்கில் பூட்டியதும் அது மறைய வேண்டும். வெளியிலேயே ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டால், பூட்டியபின் குண்டுகள் நசுங்கி ஓடும். இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டித்தான் சரியான இடம் கிடைக்கும். பட்டறையில் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

மலையிறங்கி:

செய்து முடித்தேன். டிஸ்க் இல்லாத பக்கத்து லாக் நட் கையால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. கிரீஸ் கறுத்து மணல் கலந்திருந்தது. கோனில் மங்கலான ஒரு வட்டத் தடம் இருக்கிறது, நகத்தால் நெருடினால் குழி எதுவும் தட்டுப்படவில்லை. புதிய குண்டுகள் போட்டுச் சரிசெய்தபின் பக்கவாட்டு ஆட்டம் முற்றிலும் போய்விட்டது, நின்று மிதித்தாலும் உரசவில்லை. பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை அசைக்கும்போது மட்டும் மிக மெல்லிய ஒரு 'டிக்' இன்னும் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டுமா?

சக்கரப்பட்டறை:

நகத்தில் தட்டாத தடம் என்றால் அந்தக் கோன் இன்னும் ஓடும். இப்போது காலிப்பரின் மேல் விரலை வைத்து, பேடின் முதுகுத் தகடு முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள். பேடுகள் காலிப்பருக்குள் சிறிது இடைவெளியோடுதான் அமர்ந்திருக்கும். அந்த அளவுத் தட்டல் இயல்பானது, புதிய சைக்கிள்களிலும் கேட்கும். காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தால் அதை விட்டுவிடலாம். சில நாள் ஓட்டியபின் ரிம்மை மறுபடியும் ஒரு முறை அசைத்துப் பாருங்கள். புதிய குண்டுகள் படிந்தபின் கோன் சிறிது தளர்வதுண்டு.