குறிப்பான் சோதனையில் தேறிய தக்காளி நாற்றுகளிலும் வேர்முடிச்சு வருவது ஏன்?

கேள்வி:
வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் ரகத்தோடு எங்கள் தக்காளி ரகத்தைக் கலப்பு செய்து, இரண்டாம் பின்கலப்புத் தலைமுறையை (கலப்புச் செடிகளை மீண்டும் எங்கள் ரகத்தோடு இருமுறை கலந்தது) எட்டியிருக்கிறோம். எதிர்ப்பைத் தரும் மி-1 மரபணு இருக்கிறதா என, அதனருகே உள்ள அடையாள டிஎன்ஏ துண்டைக் கொண்டு பார்க்கும் குறிப்பான் சோதனையில் தேறிய நாற்றுகளை நூற்புழு கலந்த மண்ணில் நட்டபோது, சிலவற்றின் வேரில் முடிச்சுகள் தென்பட்டன. குறிப்பானை நம்பலாமா? வெள்ளை ஈ எதிர்ப்பையும் இதே வழியில் சேர்க்க இயலுமா?

மறுமொழி 1:
முதலில் மண்ணின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். மண் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மி-1 தரும் எதிர்ப்பு தளர்ந்துவிடும் என்பதால், மரபணு இருந்தும் வேரில் முடிச்சு விழும். நூற்புழுவின் இனத்தையும் உறுதிசெய்யுங்கள். இன்காக்னிட்டா, ஜவானிக்கா, அரினேரியா ஆகிய இனங்களைத் தடுக்கும் இந்த மரபணு, ஹாப்லா இனத்தைத் தடுப்பதில்லை.

மறுமொழி 2:
வெப்பமும் இனமும் சரியாக இருந்தால், அடுத்து ஐயப்பட வேண்டியது குறிப்பானுக்கும் மரபணுவுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான்; தூரம் கூடினால் குறிப்பான் மட்டும் வந்து மரபணு விட்டுப்போகலாம். மி-1, பெருவியானம் என்னும் காட்டுத் தக்காளியிலிருந்து 1940களில் கருவளர்ப்பு முறையால் (விதையின் இளங்கருவைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்தல்) கொண்டுவரப்பட்டு, ஆறாம் குரோமோசோமில் அமைந்திருக்கிறது. காட்டினத்திலிருந்து வந்த குரோமோசோம் துண்டு அங்கே எளிதில் பிரிவதில்லை. அதனால் குறிப்பான் பெரும்பாலும் மரபணுவோடு சேர்ந்தே வரும், ஆனால் வேண்டாத பண்புகளும் உடன் ஒட்டிக்கொள்ளும். எனவே மரபணுவின் இருபுறமும் ஒவ்வொரு குறிப்பானை வைத்துச் சோதிப்பதே என் பரிந்துரை. பின்கலப்பில் தேறும் செடிகள் அனைத்தும் மரபணுவின் ஒற்றைப் பிரதி உடையவை. தன்மகரந்தச் சேர்க்கைக்குப் பின் இரட்டைப் பிரதி உடைய நான்கில் ஒரு பங்கைப் பிரித்தறிய, ரெக்ஸ்-1 போன்ற இணை ஓங்கு குறிப்பான் (மரபணுவின் இரு வடிவங்களையும் தனித்தனியே காட்டுவது) தேவை: டிஎன்ஏவை வெட்டும் டாக்-1 நொதியிட்டு, துண்டுகளைக் கூழ்மத்தில் பிரித்த பிறகு எதிர்ப்பு வடிவம் வெட்டுப்பட்டு இரு கீற்றுகளாகவும், எதிர்ப்பில்லாதது வெட்டுப்படாமல் ஒரே கீற்றாகவும், கலப்புச் செடி மூன்று கீற்றுகளாகவும் தெரியும்.

மறுமொழி 3:
வெள்ளை ஈயைப் பொறுத்தவரை இத்தனை எளிதன்று. மி-1 அதற்கும் ஓரளவு எதிர்ப்புத் தருகிறது. ஆனால் வலுவான எதிர்ப்பு, பெனெல்லி காட்டினத்தின் இலைத்தூவிகள் சுரக்கும் பிசுபிசுப்பான அசைல் சர்க்கரையிலிருந்தே வருகிறது. அச்சுரப்பைப் பல மரபணுக்கள் சேர்ந்து நிர்ணயிப்பதால், ஒரே குறிப்பானைக் கொண்டு தேர்வு செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். பல இடங்களின் குறிப்பான்களைச் சேர்த்துப் பார்ப்பதோடு, தேறிய செடிகளின் இலை அடிப்புறத்தை உருப்பெருக்கியில் வைத்து, அச்சர்க்கரையைச் சுரக்கும் நான்காம் வகைத் தூவிகளின் அடர்த்தியையும் ஈ இட்ட முட்டைகளையும் எண்ணிவிட்டே அடுத்த கலப்புக்குச் செல்லுங்கள்.